மருந்து விலைக்கு அளவுகோல் எவர் கையில்?

(திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் நடைபெற்ற திருவள்ளுவர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எழுத்துகளுக்கெல்லாம் தலையாய எழுத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் இது. வள்ளுவப் பெருந்தகை தம் நூலைத் தொடங்கியதும் அவ்வெழுத்தைக் கொண்டேயாகும். அந்நூலில் 'மருந்து' என்னும் அதிகாரம் 95-ஆவதாக நிற்கின்றது. அதன் இறுதியில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து அதனை ஊட்டிக் காப்பவர் ஒருவர். இந்நான்கும் ஒழுங்காயமைந்தால் நோய் தீரும் என்பது அவர் கணக்கு. அவர் எண்ணிப் பாராத ஐந்தாமவன் ஒருவன் இன்று இந்நால்வர்க்கும் நடுவே புகுந்து நிற்கின்றான். அவன்தான் விலை விதிப்பவன். அவன் முகத்தை நாம் கண்டதில்லை. அவன் ஊரையும் அறியோம். அவனைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்துள்ளேன்.

சென்ற ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, பள்ளி முடிந்து வீடு திரும்புகையில், முன்பு என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தாயாரை ஒரு மருந்துக்கடை வாயிலில் கண்டேன். பூந்தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கும் அம்மையார் அவர். குருதி அழுத்தத்திற்கு மருந்து வாங்க வந்திருந்தார். என்னைக் கண்டதும், "ஐயா, பத்து நாளைக்கு மட்டும் குடுக்கச் சொல்லுங்க; போனதுக்கு இப்ப வெல ஏறிப்போச்சு" என்றார். "முப்பது நாளைக்கு எழுதியிருக்கிறாரே, அம்மா?" என்றேன். "பாதிபாதியா ஒடச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிறேன் ஐயா. ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்று கேட்டார்.

மருத்துவரைக் கேளாமல் மருந்தைக் குறைப்பது தீங்கு என்றேன். அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்குமே என்றும் சொன்னேன். பூப்பறிப்பு விடியுமுன் தொடங்கி முற்பகல் வரை நடப்பது; புறநோயாளிகளைப் பார்க்கும் பொழுதும் அதுவே. வீடுதேடி மருந்து கொண்டுவரும் திட்டம் தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது, நல்ல திட்டம். ஆனால் அவர்கள் வருகையில் இந்த அம்மையார் தோட்டத்தில் இருப்பார். ஒரு நாள் கூலியை இழந்துதான் விலையில்லா மருந்தைப் பெற வேண்டும்.

அவர் கையிலிருந்த மருந்துப் பட்டையை வாங்கிப் பார்த்தேன். முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நான் படிப்பதற்கு அதில் தமிழில் ஓரெழுத்தும் இல்லை. மருந்தின் பெயர், அளவு, கெடும் நாள், விலை யாவும் ஆங்கிலம். எண் ஒன்றே அந்த அம்மையார்க்குப் புரிந்தது. அது விலை.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த விலை எங்கே பிறந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடி அறிந்ததைச் சுருங்கக் கூறுகின்றேன்.

1962-இல் சீனப்போர் மூண்டதையொட்டி, மருந்துகளின் விலையை வெளிக்காட்ட வேண்டுமென்றும் பின்னர் ஏற்றக்கூடாதென்றும் நடுவணரசு முதன்முதலாக ஆணைகள் பிறப்பித்தது. அதன்பின் 1955-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 1970-இல் மருந்துவிலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1975-இல் செய்சுக்லால் ஆத்தி தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தது. மருந்துகளுக்கு இடப்படும் வணிகப்பெயர்களைப் படிப்படியாக நீக்கிப் பொதுப்பெயரிலேயே விற்க வேண்டுமென்று அக்குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டளவில் நின்றது. 1979-ஆம் ஆண்டின் ஆணை 347 மூலமருந்துகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. 1987-இல் அவ்வெண் 142 ஆகக் குறைந்தது. 1995-இல் 74 ஆயிற்று. வலை அதுவே; அதன் கண்களை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே வந்தனர். பெரிய மீன்களெல்லாம் எளிதாக வெளியேறின.

2013-இல் வந்த ஆணை மீண்டும் பட்டியலை விரித்தது. இன்றியமையா மருந்துகள் 348 அதனுள் வந்தன. அதற்காக அதனைப் பாராட்டலாம். ஆயினும் விலையைக் கணக்கிடும் முறையையே அது தலைகீழாக மாற்றிவிட்டது. 1995-ஆம் ஆண்டின் முறை, மருந்தைச் செய்து கட்டி அனுப்பும் செலவைக் கண்டு, அதன்மேல் நூற்றுக்கு நூறு வரை கூட்டிக்கொள்ள இடந்தந்தது. புதிய முறை செலவையே பார்ப்பதில்லை. சந்தையில் நூற்றிலொரு பங்கேனும் விற்பனையுடைய நிறுவனங்கள் சில்லறைக் கடைக்கு என்ன விலைக்குத் தருகின்றனவோ அவற்றையெல்லாம் கூட்டி நிரவல் கண்டு, அதன்மேல் கடைக்காரர்க்கு 16 விழுக்காடு சேர்த்து, அதுவே உச்சவிலை என்கின்றது.

கணக்கு விளங்க நானே ஓர் எடுத்துக்காட்டுப் புனைகின்றேன். ஒரு மாத்திரையைச் செய்ய அரை உருபா ஆகின்றது என்று கொள்வோம். ஐந்து நிறுவனங்கள் அதனை 2, 4, 6, 8, 10 உருபாவுக்கு விற்கின்றன. பழைய முறைப்படி அதன் விலை ஏறத்தாழ ஓர் உருபா. புதிய முறைப்படி நிரவல் 6 உருபா. 16 விழுக்காடு சேர 6 உருபா 96 காசு. எட்டுக்கும் பத்துக்கும் விற்றவர் சற்றே இறங்க வேண்டும், உண்மைதான். ஆனால் அரை உருபாப் பொருளுக்கு ஏறத்தாழ ஏழு உருபா என்பது அன்றுமுதல் முறையான விலையாகிவிடுகின்றது. கள்ளன் வைத்த விலைக்குக் காவலன் முத்திரையிட்டது போன்றதே இது.

இனி விலையேற்றத்திற்கு வருவோம். இவ்வுச்சவிலையை ஆண்டுதோறும் மொத்தவிற்பனை விலைக்குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ அவ்வளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறது 2013-ஆம் ஆண்டின் ஆணை. இதன்படி 2022-இல் 10.77 விழுக்காடும் 2023-இல் 12.12 விழுக்காடும் ஏற்ற இசைவளிக்கப்பட்டது. நூறு உருபா மருந்து ஈராண்டில் 124 உருபாவுக்கு மேல் போக வழி திறந்தது. பின் 2024-இல் ஏற்றம் இல்லையென்றே கூறலாம், 2025-இல் 1.74 விழுக்காடு. இவற்றையும் மறைக்காமற் சொல்வதே முறை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்றியமையாப் பட்டியலில் சேராத மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்குமேல் ஏற்றக்கூடாது என்பது வரம்பு. இன்றியமையாதன என்று அரசே பெயரிட்ட மருந்துகளுக்கோ அவ்வீராண்டுகளிலும் அதனினும் மிகுதியான ஏற்றத்திற்கு இசைவு கிடைத்தது! காக்கப்பட வேண்டியதற்கே காப்புக் குறைவு.

போதாக்குறைக்கு 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், எட்டு மருந்துகளின் உச்சவிலையை ஒரே ஆணையில் 50 விழுக்காடு உயர்த்தினர். இரைப்பு நோயாளர் மூச்சுவிடத் துணைபுரியும் சால்பியூட்டமாலும் அவற்றுள் ஒன்று.

மொத்தவிற்பனைக் குறியீட்டெண் என்பது என்ன? இரும்பு, கன்னெய், நிலக்கரி, வேதியற்பொருள், விளைபொருள் ஆகியவற்றின் மொத்தவிலை ஏற்ற இறக்கத்தை அளக்கும் கோல் அது. வணிகன் வணிகனுக்கு விற்கும் விலை அதில் தெரியும். பூப்பறிக்கும் அம்மையாரின் கூலி அதில் தெரியாது. கன்னெய் விலை ஏறினால் அவர் மாத்திரை விலை ஏறலாம். அதே விழுக்காடு அவர் கூலியும் ஏறியதா என்று கேட்பார் எவருமிலர். இதுவே என் உரையின் உள்ளீடு: மருந்து விலைக்கு வணிகனின் அளவுகோலை வைத்திருக்கின்றார்கள், உழைப்பாளியின் அளவுகோலை வைக்க வேண்டும். அவ்வளவுகோல் தில்லியில் இருக்கின்றது; அது இங்கே இருக்க வேண்டும்.

"இங்கே இருக்கச் சட்டம் இடந்தருமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பொதுப்பட்டியலில் 19-ஆம் எண் மருந்துகளும் நஞ்சுகளும். அதே பட்டியலில் 34-ஆம் எண் விலைக்கட்டுப்பாடு. இரண்டிலும் மாநிலச் சட்டமன்றத்துக்குச் சட்டமியற்றும் உரிமை உண்டு. இன்றும் தமிழ்நாட்டில் மருந்துத் தொழிலகத்துக்கு உரிமம் வழங்குவதும், மருந்துக்கடையை ஆய்வு செய்வதும் மாநில அலுவலரே. செய்ய உரிமம் தருவது நாம். தரம் பார்ப்பது நாம். விலையை மட்டும் 1997-இல் அமைந்த நடுவண் ஆணையம் சொல்லும்!

இங்கேதான் முட்டுக்கட்டை. பொதுப்பட்டியலில் நடுவணரசு ஒரு சட்டமியற்றிவிட்டால், அதற்கு முரணான மாநிலச் சட்டம் செல்லாது என்கின்றது 254-ஆம் பிரிவு. அதே பிரிவு ஒரு சிறு வாயிலையும் வைத்திருக்கின்றது: அம்மாநிலச் சட்டவரைவு குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால், அந்த மாநிலத்தளவில் அது நிற்கும். பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பூட்டு நம் வீட்டுக் கதவில், திறவுகோல் தில்லியில்.

அத்திறவுகோல் எப்போது திரும்பும், எப்போது திரும்பாது என்பதையும் நாம் பட்டறிந்திருக்கின்றோம். 2017-இல் ஏறுதழுவலுக்காகத் தமிழிளைஞர் கடற்கரையில் திரண்டபோது, விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொணர்ந்த திருத்தம் விரைந்து ஒப்புதல் பெற்றது. அதே 2017-இல் நீட் தேர்வினின்று விலக்குக் கேட்ட வரைவுகளுக்கு ஒப்புதல் கிட்டவில்லை. 2021-இல் மீண்டும் இயற்றினோம். 2022-இல் மறுபடியும் நிறைவேற்றியனுப்பினோம். ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025-இல் செய்தி வந்தது. திரண்டு நின்றால் திறக்கும் என்றும், திரண்டு நின்றாலும் சிலபோது திறவாது என்றும் இரு பாடங்கள் நமக்குண்டு.

இவ்வுரிமைக் கேள்வி புதியதன்று. 1969-இல் தமிழ்நாட்டரசு அமைத்த இராசமன்னார் குழு, நடுவணரசு – மாநில அரசு உறவை ஆய்ந்து 1971-இல் அறிக்கை தந்தது. மூவரடங்கிய அக்குழுவில் ஒருவர் ஏ. இலக்குமணசாமி முதலியார், நாடறிந்த மருத்துவர். 1974-இல் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025-இல் ஓய்வுபெற்ற உச்சநயன்மன்ற நடுவர் குரியன் சோசப்பு தலைமையில் இன்னொரு குழு அமைக்கப்பட்டது. அரைநூற்றாண்டுக்கு மேலாகக் குழு அமைக்கின்றோம். பூப்பறிக்கும் அம்மையார்க்குத் தன்னாட்சி என்றால் என்ன என்று விளக்க வேண்டுமாயின், "உன் மாத்திரை விலையை உன் ஊரார் கேட்டு உறுதிசெய்வது" என்று சொன்னாற் போதும்.

சட்டமில்லாமலே தமிழ்நாடு செய்து காட்டியதையும் சொல்ல வேண்டும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டும் மருந்துகளை, வணிகப்பெயரைப் பாராது பொதுப்பெயரில், திறந்த ஒப்பந்தப்புள்ளி வழியாக மொத்தமாக வாங்கியது. வாங்கியவற்றை ஆய்வகத்தில் தேர்ந்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்துப் பகிர்ந்தது. இதனைப் பார்த்தே கேரளம் 2007-இலும் இராசத்தான் 2011-இலும் இத்தகு கழகங்களை அமைத்தன. 2025-இல் தமிழ்நாடெங்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டதும் பொதுப்பெயர் மருந்தைக் குறைந்த விலைக்கு மக்களுக்கு விற்பதற்கே. அதே மருந்தை அரசு வாங்கும் விலைக்கும் தெருக்கடையில் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே, ஐந்தாமவன் உண்டு கொழுக்கும் இடம்.

உலகில் வேறெங்கேனும் ஒரு மாநிலம் தனக்கென இத்தகு சட்டம் இயற்றியதுண்டா? உண்டு. தனியுரிமை வணிகத்தின் தாயகமான அமெரிக்காவிலேயே உண்டு. 2015-இல் அங்கே தாரப்பிரிம் என்னும் பழைய மருந்தின் உரிமையை வாங்கிய நிறுவனம், மாத்திரை ஒன்றின் விலையை 13.50 தாலரிலிருந்து 750 தாலராக உயர்த்தியது. நாடே கொதித்தது. 2017-இல் மேரிலாந்து மாநிலம், காப்புரிமை தீர்ந்த இன்றியமையா மருந்துகளுக்கு மனச்சான்றற்ற விலையேற்றம் செய்வதைத் தடுக்கச் சட்டமியற்றியது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. தன் எல்லைக்கு வெளியே நடக்கும் மொத்த வணிகத்தையும் மாநிலம் கட்டுப்படுத்த முனைந்தது எனக் கூறி, 2018-இல் மேல்முறையீட்டு மன்றம் அச்சட்டத்தை வீழ்த்தியது. 2019-இல் அந்நாட்டு உச்சமன்றம் அதனை எடுத்து ஆராய மறுத்தது. மேரிலாந்து சோர்ந்துவிடவில்லை, அதே 2019-இல் மருந்துவிலையை ஆராய்வதற்கென ஒரு வாரியத்தை அமைத்தது. நமக்கு இதில் இரு படிப்பினைகள்: விழுந்தாலும் எழுவது ஒன்று, சட்டத்தை எல்லையறிந்து எழுதுவது மற்றொன்று. குசராத்தில் செய்வோன் பம்பாயில் என்ன விலைக்கு விற்கின்றான் என்பது நமக்கு வேண்டா. தமிழ்நாட்டுக் கடையில் தமிழன் கையில் சேரும் விலையே நம் சட்டத்தின் எல்லை.

தடை கூறுவோர்க்கும் விடை கூறுதல் கடன். "விலையை இறுக்கினால் நிறுவனங்கள் மருந்து செய்வதை நிறுத்திவிடும்" என்பர். இது வெற்றச்சம் அன்று. 2024-ஆம் ஆண்டின் 50 விழுக்காட்டு ஏற்றத்துக்கும், கட்டுப்படியாகாமையால் செய்வதை நிறுத்த நேரும் என்பதே சொல்லப்பட்ட கரணியம். மூலப்பொருள் விலை மெய்யாகவே ஏறியிருந்தால் ஏற்றலாம். ஆனால் கணக்கை மக்கள் முன் விரித்துக்காட்டிய பின்பே ஏற்ற வேண்டும். "ஆராய்ச்சிச் செலவு" என்பர் மற்றுஞ் சிலர். நம்மூரார் நாடோறும் விழுங்கும் நீரிழிவு மாத்திரையும் குருதியழுத்த மாத்திரையும் பெரும்பாலும் காப்புரிமை என்றோ தீர்ந்துபோன பழைய மருந்துகள். இன்று அவற்றிற்கு ஏது ஆராய்ச்சிச் செலவு?

நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது மூன்றாவது வினா. தரம் பார்ப்பது நம் மாநிலம் என்று சற்றுமுன் சொன்னேன். 2025-இல் காஞ்சிபுர மாவட்டத்தில் செய்யப்பட்ட இருமல் மருந்தில் நஞ்சு கலந்திருந்து, மத்தியப்பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். பிள்ளைகள் எம்மொழி பேசினும் பிள்ளைகளே. உரிமை கேட்கும் நாம் அதனைப் பேணும் கடமையிலும் தவறக்கூடாது. கையிலுள்ள உரிமையைக் கருத்தோடு ஆளாதவன் கைக்கு வராத உரிமையைக் கேட்டால் உலகம் நகைக்கும்.

ஆகவே நாம் வேண்டும் சட்டத்தில் நான்கு கூறுகள் இருக்க வேண்டும்.

முதலாவது, தமிழ்நாட்டில் விற்கப்படும் இன்றியமையா மருந்துகளின் விலையேற்றம், அவ்வாண்டில் உழவுத் தொழிலாளர் கூலி ஏறிய விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கூலி ஏறாத ஆண்டில் மருந்தும் ஏறக்கூடாது.

இரண்டாவது, அதற்கு மேலும் ஏற்ற விழையும் நிறுவனம் மூன்று திங்களுக்கு முன்பே தன் செலவுக் கணக்கை மாநில வாரியத்தின் முன் வைக்க வேண்டும். அக்கணக்குத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். எவரும் அங்கே வந்து கேள்வி கேட்க இடமிருக்க வேண்டும்.

மூன்றாவது, மருந்துச்சீட்டில் பொதுப்பெயர் எழுதப்பட வேண்டும். 2023-இல் நடுவண் மருத்துவ ஆணையம் இதனைக் கட்டாயமாக்கி விதி வகுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதே திங்களிலேயே நிறுத்தி வைத்தது. அவர்கள் நிறுத்தியதை நாம் தொடங்கலாம்.

நான்காவது, மருந்தின் பெயர், எந்நோய்க்கு, எத்துணை அளவு, கெடும் நாள், விலை ஆகியன தமிழில் பொறிக்கப்பட வேண்டும். மொழிப்பற்றால் மட்டும் இதனைக் கேட்கவில்லை. தான் விழுங்குவது இன்னதென்று அறியாதவர் அதன் விலையை எதிர்த்து ஒரு சொல்லும் கேட்க இயலாது. விலையேற்றம் ஒளிந்துகொள்ளும் முதல் மறைவிடம் அயன்மொழி.

இச்சட்டவரைவு தில்லியில் தேங்கலாம், திருப்பியும் அனுப்பப்படலாம். அதற்காக இயற்றாமலே இருப்பது, பூட்டியிருக்கிறதென்று தட்டாமலே திரும்புவதாகும். மறுப்பதாயின் மறுத்தவர் யாரென்று ஊருக்குத் தெரியட்டும். பூப்பறிக்கும் அம்மையார்க்கு மாத்திரை விலையைக் குறைக்க ஒரு மாநிலம் முயன்றது, அதனைத் தடுத்தவர் இன்னார் என்று ஏட்டில் எழுதப்படட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடிய சில உண்டு. மருத்துவரிடம் பொதுப்பெயரில் எழுதித் தருமாறு பணிவோடு கேளுங்கள். விலை குறைந்த மருந்தகம் எங்கிருக்கிறதென்று அண்டை அயலார்க்குச் சொல்லுங்கள். இளைஞர்களே, உங்கள் தெருவில் எழுத்தறியாத முதியோர் இருப்பின், கிழமைக்கொரு முறை அவர்களின் மருந்துப் பட்டையைப் படித்துக்காட்டி, தாளில் தமிழில் எழுதிக்கொடுங்கள். இதுவும் தமிழ்த்தொண்டே. பேரூராட்சி மன்றத்திலும் ஊரவைகளிலும் இச்சட்டம் வேண்டித் தீர்மானம் இயற்றச் செய்யுங்கள்.

அந்த அம்மையாரை அண்மையில் மீண்டும் கண்டேன். மகன் முதல்வர் மருந்தகத்தில் வாங்கித் தருகின்றானாம். இப்போது மாத்திரையை உடைப்பதில்லை என்றார். மகிழ்ந்தேன். ஆனால் படித்த மகனில்லாத தாய்மார் எத்தனை பேர்? மகனின் அறிவால் ஒரு தாய் பிழைத்தார். எல்லாத் தாயரும் பிழைக்கச் சட்டம் வேண்டும். அச்சட்டம் நம் மொழியில், நம் மன்றத்தில், நம் கையால் எழுதப்பட வேண்டும்.

வள்ளுவர் வகுத்த நால்வரே மருத்துவத்தில் நிற்க, ஐந்தாமவன் அகல்க!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!